ரேமா, எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா? கணினிக்கு ஏற்ற நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கணினி ஊர்ந்துகொண்டு போகிறது என்று சர்வீஸ் கடைக்குப் போனால் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். "ரேம் ஏத்திடுங்க சார்" என்பார்கள். இல்லாவிட்டால் "எஸ்எஸ்டி போட்டுட்டா பறக்கும்" என்பார்கள். இரண்டும் பலிக்கும் கணினிகள் உண்டு. இரண்டுமே பைசா பிரயோஜனமில்லாமல் போகும் கணினிகளும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பின்மூடியைத் திறக்கும் முன் திரையிலேயே பத்து நிமிடம் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். வாங்குவது இந்த வேலையில் கடைசிப் படி. நம்மில் பலர் அதையே முதல் படியாக வைத்துக்கொள்கிறோம், அதுவும் தள்ளுபடி விற்பனை நாட்களில்.

எது எங்கே இருக்கிறது

பிராசசருக்குள்ளேயே கேஷ் என்று ஒரு சிறிய நினைவகம் இருக்கிறது. அது எஸ்ரேம் வகை. படுவேகம், ஆனால் ஒரு பிட்டுக்கே வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர் வேண்டும், அதனால் விலை அதிகம், அளவு சில எம்பிதான். இதை நாம் தனியாக வாங்க முடியாது, விட்டுவிடலாம்.

அடுத்தது ரேம். இது டிரேம் வகை. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டெனார்ட் இதற்கான காப்புரிமையை 1968இல் பெற்றார். கெப்பாசிட்டரில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் பொதுவாக 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. சேமிக்காத எக்செல் கோப்பு கரண்ட் போனதும் காணாமல் போவது இதனால்தான்.

மூன்றாவது, நிரந்தரச் சேமிப்பகம். ஹார்ட் டிஸ்க் காந்தப் பூச்சு பூசிய தட்டில் எழுதுகிறது. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமக் கணினியின் டிஸ்க்கில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. மொத்தக் கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று போனில் எடுக்கும் ஒரு படத்துக்கு அது சரியாகப் போகும். எஸ்எஸ்டி, பென்டிரைவ், மெமரி கார்டு மூன்றிலும் இருப்பது ஃபிளாஷ். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. இதில் எலக்ட்ரான்களைக் காப்புப் படலத்துக்குள் அடைத்து வைக்கிறார்கள்; மின்சாரம் இல்லாவிட்டாலும் அங்கேயே இருக்கும்.

இவற்றுக்கு இடையே உள்ள வேக இடைவெளிதான் நம் கதைக்கு முக்கியம். ரேமில் ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோசெகண்ட். ஹார்ட் டிஸ்க்கில் ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட். அதாவது ஒரு லட்சம் மடங்கு தாமதம். காரணம் எளிது: நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்று முடிக்கவே 8.3 மில்லிசெகண்ட் ஆகிறது. தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகர்வதற்கும் நேரம் பிடிக்கும். கூட்டிப் பார்த்தால் ஒரு செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல் அதால் இடம் மாறிப் படிக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் சுற்றுவதோ நகர்வதோ இல்லை. ஒரு கோப்பைத் தொட 0.1 மில்லிசெகண்ட் அளவில்தான் ஆகும்.

படி 1: தடை எங்கே என்று பாருங்கள்

கணினியைத் தொடங்கி ஒரு கால்மணி நேரம் விடுங்கள். தொடங்கிய உடனே விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் எல்லாம் டிஸ்க்கைப் போட்டு உருட்டும். அப்போது பார்த்தால் தப்பான முடிவுக்கு வருவீர்கள். அப்புறம் தினமும் செய்யும் வேலையைத் திறந்துகொள்ளுங்கள்: பத்துப் பதினைந்து குரோம் டேப், வாட்ஸ்அப், டேலி, எதுவானாலும் சரி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள்.

மெமரி 50, 60 சதவீதத்தில் இருக்கிறது, டிஸ்க் மட்டும் எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்டி. ரேமை இரட்டிப்பாக்கினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

மெமரி 85, 90 சதவீதத்திலேயே நின்றால் ரேம் போதவில்லை. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் அதில் உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்குக்கு இறக்கி வைக்கும். எனவே டிஸ்க்கும் 100 சதவீதம் காட்டும். இரண்டும் நிரம்பி வழிந்தால் குற்றவாளி ரேமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினி என்றால் இரண்டையும் மாற்றுவதுதான் முறை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி. ரேம் நிரம்பி வழிந்தாலும் வழிவது வேகமான இடத்துக்கு வழியுமே.

சிபியு 100 சதவீதத்தில் நிற்கிறது, மற்ற இரண்டும் சும்மா இருக்கின்றன என்றால் பர்சை மூடுங்கள். ஃபேனில் அடைத்த தூசியைத் துடைத்துப் பாருங்கள். தேவையில்லாமல் ஓடும் மென்பொருளை நீக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் அது பிராசசரின் வயது.

இதே பக்கத்தில் டிஸ்க் பெயருக்குக் கீழே எஸ்எஸ்டி அல்லது எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) என்று எழுதியிருக்கும். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருப்பது தெரியாமலே இன்னொரு எஸ்எஸ்டி கேட்டுப் போகிறவர்கள் உண்டு.

படி 2: உங்கள் கணினி எந்த ரேமை ஏற்கும்

டாஸ்க் மேனேஜரில் மெமரியைச் சொடுக்கினால் கீழே வேகம், எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது, ஃபார்ம் ஃபேக்டர் எல்லாம் தெரியும். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்றால் நல்ல சேதி. ஃபார்ம் ஃபேக்டரில் 'எஸ்ஓடிஐஎம்எம்' என்று இருந்தால் கழற்றி மாட்டும் மடிக்கணினி ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டிலேயே பற்றவைத்த சிப். அதை மாற்ற முடியாது. சில மடிக்கணினிகளில் 4 அல்லது 8 ஜிபி போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கூடவே ஒரு ஸ்லாட்டும் இருக்கும். எல்பிடிடிஆர் வகை ரேம் உள்ள மெல்லிய மடிக்கணினிகளிலும் ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகளிலும் வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை. அங்கே ரேமில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள்; ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. மேசைக்கணினி டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் 288 முனைகள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினாலும் இறங்காது, இறங்கவில்லை என்று இன்னும் பலமாக அழுத்தவும் கூடாது. மடிக்கணினியில் டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262 முனைகள். டிடிஆர்3இல் மட்டும் ஒரு பள்ளம் இருக்கிறது: சாதாரணமானது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். இரண்டும் ஒரே வடிவம். 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் சாதாரண டிடிஆர்3 போட்டால் திரையே வராது. பழைய ரேமின் ஸ்டிக்கரில் எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கழற்றாமல் பார்க்க சிபியு இசட் என்ற இலவச மென்பொருள் போதும்.

வேகம் மாறுபட்ட இரண்டு ரேம் சேர்ந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். அதனால் 2400 உள்ள இடத்தில் கூடுதல் காசு கொடுத்து 3200 தேடி அலைய வேண்டாம்; கிடைத்தால் போடலாம், தவறில்லை. ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி நல்லது, ஏனென்றால் பிராசசர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் படிக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வித்தியாசம் விளையாட்டுகளில் கண்ணுக்கே தெரியும்.

எவ்வளவு வேண்டும்? விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அதில் ஓடும், வேலை செய்ய முடியாது. படிப்பு, அலுவலகம், பில்லிங் எல்லாவற்றுக்கும் 8 ஓரளவு சமாளிக்கும், 16 நிம்மதி. வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் என்றால் 32. பழைய கணினியில் 32 பிட் விண்டோஸ் இருந்தால் 8 ஜிபி போட்டாலும் 4க்கு மேல் எட்டாது; முதலில் 64 பிட்டுக்கு மாற்றுங்கள். போர்டு அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள்.

இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன் '16 ஜிபி ஆப்டேன் மெமரி' என்று ஒட்டிய மடிக்கணினிகள் விற்பனைக்கு வந்தன. அது ரேம் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையாக இன்டெல் வைத்த ஒரு வேகச் சிப். 2022இல் இன்டெல் அந்தத் தொழிலையே மூடிவிட்டது. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் அது உட்கார்ந்திருக்கும் எம்.2 என்ற பட்டை வடிவ ஸ்லாட்டில் பெரும்பாலும் நல்ல எஸ்எஸ்டி ஒன்றைப் போடலாம். கழற்றும் முன் அமைப்புகளில் ஆப்டேனை நிறுத்திவிட வேண்டும்.

படி 3: எஸ்எஸ்டி எந்த இடத்தில் உட்காரும்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வாங்கிவந்து பொருந்தாமல் திருப்பிக் கொடுப்பதும் அதிகம்.

மூன்று வகை நினைவில் இருந்தால் போதும். முதலாவது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே இணைப்பில் உட்காரும். சாட்டாவின் உச்சவரம்பு காரணமாக செகண்டுக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினிக்கு, தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த பழைய மடிக்கணினிகள் உட்பட, கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது இதுதான்.

மற்ற இரண்டும் எம்.2 வடிவத்தில், சூயிங்கம் பட்டை அளவில் இருக்கும். ஆனால் ஒன்று உள்ளே சாட்டா, இன்னொன்று பிசிஐஇ என்ற வேகமான பாதையில் ஓடும் என்விஎம்இ. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குணம் வேறு. சாட்டா வகைக்கு முனைப் பகுதியில் பெரும்பாலும் இரண்டு வெட்டு. என்விஎம்இக்குப் பெரும்பாலும் ஒரு வெட்டு. வெட்டு பொருந்தி உள்ளே இறங்கிவிட்டாலே வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். சாட்டாவை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ அழகாக இறங்கும், ஆனால் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) தெரியாது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் கையேட்டைத் தேடுங்கள், எம்.2 ஸ்லாட் எதை ஏற்கும் என்று அதில் இருக்கும்.

நீளமும் பாருங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், இதுவே பரவலானது. சில மடிக்கணினிகள் 2242 அல்லது 2230 மட்டுமே கொள்ளும். பழைய மேசைக்கணினிகள் பலவற்றில் அடாப்டர் வைத்து என்விஎம்இயை மாட்டலாம், ஆனால் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்க அந்த பயாஸுக்குத் தெரியாது. அங்கே சாட்டாவோடு நிறுத்திக்கொள்வது மேல்.

விலை மலிவான சில மடிக்கணினிகளில் 64 ஜிபி இஎம்எம்சி என்று போர்டோடு ஒட்டிய சேமிப்பகம் இருக்கும். அது மெமரி கார்டின் உறவு. மாற்ற முடியாது. புதிதாக வாங்குகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

படி 4: எஸ்எஸ்டியின் பெட்டியில் எதைப் படிக்க வேண்டும்

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வேகத்தைக் கடைசியில் படியுங்கள். பிசிஐஇ மூன்றாம் தலைமுறை 3500, நான்காம் தலைமுறை 7000, ஐந்தாம் தலைமுறை 14000 எம்பி வரை என்றெல்லாம் போட்டிருக்கும். அவை ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் எண்கள். நம் அன்றாட வேலை சிறிய கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பது. அதில் தலைமுறைகளுக்கு இடையே வித்தியாசம் குறைவு. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு வருகிறவருக்குக் கணினியே புதிதாகத் தோன்றும். சாட்டாவிலிருந்து நான்காம் தலைமுறைக்குப் போகிறவர், பெரிய வீடியோக்களை நகர்த்துகிறவராக இல்லாவிட்டால், உற்றுக் கவனித்தால்தான் தெரியும். ஐந்தாம் தலைமுறை இப்போதைக்கு வீட்டுக் கணினிக்கு ஆடம்பரம், சூடும் அதிகம். நான்காம் தலைமுறை எஸ்எஸ்டியை மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் ஓடும். வேகம் ஸ்லாட்டின் வேகம்.

முதலில் படிக்க வேண்டியது ஃபிளாஷின் வகை. ஒரு செல்லில் ஒரு பிட் வைத்தால் எஸ்எல்சி, இரண்டு எம்எல்சி, மூன்று டிஎல்சி, நான்கு க்யூஎல்சி. மூன்று பிட் வைக்க 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், நான்குக்கு 16. நிலைகள் நெருங்க நெருங்க எழுதுவது மெதுவாகும், ஆயுளும் குறையும். சாம்சங்கின் இரண்டு 1 டிபி சாட்டா எஸ்எஸ்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். டிஎல்சி வகையான 870 ஈவோவுக்கு 600 டிபி எழுதும்வரை, அல்லது 5 ஆண்டு உத்தரவாதம். க்யூஎல்சி வகையான 870 க்யூவோவுக்கு 360 டிபி, 3 ஆண்டு. இரண்டும் பெட்டியில் 530 எம்பிக்கு எழுதும் என்றுதான் சொல்லும். ஆனால் க்யூவோவில் வேகமாக எழுத ஒதுக்கிய பகுதி நிரம்பியதும் வேகம் 80 எம்பிக்கு இறங்கிவிடும், ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு. கல்யாண வீடியோ 200 ஜிபியை ஒரே மூச்சில் நகலெடுப்பவருக்கு இது வேதனை. மாதம் நாலு படம், பாட்டு ஏற்றி வைப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எழுத எழுத எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. தேயும், உண்மைதான். ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதினால் 600 டிபி தீர 20,000 நாள், அதாவது 54 ஆண்டு. அதற்குள் அந்தக் கணினி காயலான் கடைக்குப் போயிருக்கும். எஸ்எஸ்டி சாவது பெரும்பாலும் தேய்ந்து இல்லை. கன்ட்ரோலர் சிப் திடீரென்று படுத்துவிடுவதால். முதல் நாள் நன்றாக இருக்கும், மறுநாள் பயாஸில் பெயரே வராது. இந்தக் காரணத்துக்காகவே பெயர் தெரியாத பிராண்டில் 200 ரூபாய் மிச்சம் பிடிப்பது கையைக் கடிக்கும்.

அடுத்து, எஸ்எஸ்டிக்குள் தனியாக டிரேம் சிப் இருக்கிறதா. எந்தத் தகவல் எந்தச் செல்லில் என்ற வரைபடத்தை அது வைத்திருக்கும். என்விஎம்இயில் அது இல்லாவிட்டாலும் கணினியின் ரேமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். வீட்டு உபயோகத்துக்குப் போதும். சாட்டாவில் அந்தக் கடன் வசதி இல்லை, அதனால் விண்டோஸ் போட இருக்கும் சாட்டா எஸ்எஸ்டியில் டிரேம் இருந்தால் நல்லது.

கொள்ளளவில் 256 ஜிபி இன்று இறுக்கம், 512 சரியான இடம், பணம் இருந்தால் 1 டிபி. 1 டிபி வாங்கி விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் 1000த்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. 512 என்பது 476 ஆகத் தெரிவதும் இதே கணக்கு. எஸ்எஸ்டியைக் கழுத்துவரை நிரப்பாமல் பத்துப் பதினைந்து சதவீதம் காலியாக விடுங்கள். உள்ளுக்குள் தகவலை நகர்த்தி ஒழுங்குபடுத்த அதற்கு இடம் வேண்டும்.

படி 5: ஹார்ட் டிஸ்க் இன்னும் எங்கே தேவை

ஒரு டிபிக்கு ஆகும் செலவில் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி இன்னும் எட்டவில்லை. இருபது வருடப் புகைப்படங்கள், ஸ்டுடியோக்காரரின் பழைய வீடியோக்கள், சிசிடிவி பதிவு, இவற்றுக்கெல்லாம் ஹார்ட் டிஸ்க்தான்.

வாங்கும்போது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பாருங்கள். தட்டில் தடங்களை அமைக்கும் இரண்டு முறைகள் இவை. சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் நாட்டு ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற அக்கம்பக்கத்து ஓடுகளையும் தூக்க வேண்டியிருப்பது போல, ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ஒருமுறை எழுதி வைத்துப் பிறகு படிக்க மட்டும் செய்தால் பரவாயில்லை. ஓயாமல் எழுதும் இடத்தில், முக்கியமாக நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் பல கணினிகள் பகிரும் சேமிப்பகம்), இழுத்துக்கொண்டே போகும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் இருப்பது வெளியே தெரிந்து பெரிய சச்சரவானது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் உள்ளவற்றை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள்.

சிசிடிவிக்கு அதற்கென்றே உள்ள டிஸ்க் வாங்குங்கள்: வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை. 24 மணி நேரமும் எழுதிக்கொண்டிருக்க ஏற்றபடி அமைத்தவை. மேசைக்கணினியில் கழற்றிய பழைய டிஸ்க்கை சிசிடிவியின் பதிவுப் பெட்டியான டிவிஆரில் மாட்டிவிடுவது குருவி தலையில் பனங்காய் வைத்த கதை. திருட்டு நடந்த அன்றுதான் பதிவு இல்லை என்பது தெரியவரும்.

ஹார்ட் டிஸ்க்கின் எதிரி அதிர்ச்சி. படிக்கும் முனை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கை மேசையிலிருந்து தூக்காதீர்கள், கேபிளை இழுக்காதீர்கள். டிக், டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப இணைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, முக்கியமான தகவல் என்றால் மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் எழுதிப் பீரோவில் பூட்டி வைத்துவிடலாமா என்று கேட்கலாம். வேண்டாம். எழுதும் வரம்பைத் தொட்ட பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும் என்பதுதான் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு ஜெடெக் அமைப்பு வகுத்த தரம். புதியது இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் அடைக்கப்பட்ட எலக்ட்ரான்கள் வெப்பத்தில் சீக்கிரம் கசியும். நம் ஊர் மே மாதப் பீரோ 30 டிகிரியில் இருக்காது. நெடுங்காலத்துக்கு எடுத்து வைப்பதை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்துச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

படி 6: பென்டிரைவ், மெமரி கார்டு

பென்டிரைவ் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகத்தான். ஒரே ஒரு பிரதியை அதில் வைத்துத் தூங்காதீர்கள்.

கார்டில் உள்ள குறியீடுகளில் சி10, யு1 இரண்டும் செகண்டுக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். யு3, வி30 என்றால் 30 எம்பி. 4கே வீடியோவுக்கு வி30க்குக் கீழே போகாதீர்கள். ஏ1, ஏ2 என்பது ஆப் ஓடும் போனுக்கும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிக்கும் முக்கியம். காரின் டேஷ்கேமுக்கும் வைஃபை கேமராவுக்கும் 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்டதை வாங்குங்கள். சாதாரணக் கார்டு ஓயாத எழுத்தில் சீக்கிரம் போய்விடும்.

படம் 5 ஜிபி, பென்டிரைவில் 20 ஜிபி காலி, ஆனாலும் ஏறவில்லையா? எஃப்ஏடி32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் வைத்துக்கொண்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள்.

'2 டிபி பென்டிரைவ் 499 ரூபாய்' என்று வருவதெல்லாம் போலி. உள்ளே சில ஜிபிதான் இருக்கும், கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். கோப்பு ஏறும், நிரம்பிய பிறகு ஏறியது எதுவும் திறக்காது. எந்தப் புதிய கார்டையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்த பிறகே நம்புங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

படி 7: மாட்டுவது

முதலில் உங்கள் கோப்புகளுக்கு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்: விண்டோஸ் 11 பல கணினிகளில் கேட்காமலே பிட்லாக்கர் பூட்டைப் போட்டுவிடுகிறது. 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டு பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். எண் இல்லாமல் மாட்டிக்கொண்டால் யாராலும் திறக்க முடியாது.

மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வெற்று உலோகம் ஒன்றைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை இறக்கிக்கொள்ளுங்கள். எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாக, ஏறக்குறைய 30 டிகிரியில் செருக வேண்டும். தங்க முனைகள் உள்ளே போனதும் கையை எடுத்தால் அது துள்ளி மேலே நிற்கும். உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், அப்படித்தான் நிற்க வேண்டும். மெல்லக் கீழே அழுத்தி, பிடித்துக்கொண்டு திருகுங்கள். அந்தக் குட்டித் திருகு காலி ஸ்லாட்டில் பல நேரம் இருக்காது. எஸ்எஸ்டி பெட்டியிலும் பெரும்பாலும் வராது. கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மடிக்கணினி ரேமும் இப்படியே சாய்வாகச் செருகி அழுத்த வேண்டும், இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்க வேண்டும். டிடிஆர்5 போட்ட கணினி முதல் தடவை திரை வர ஒன்றிரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும், ரேமைப் பழக்கிக்கொள்கிறது. அணைத்துவிடாமல் காத்திருங்கள்.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பதா, விண்டோஸைப் புதிதாகப் போடுவதா? என் ஓட்டு புதிதாகப் போடுவதற்கு. பழைய குப்பையும் சேர்ந்து குடிவருவதில் என்ன லாபம்? டேலி, பில்லிங் மென்பொருள் உரிமங்களைத் திரும்பப் போடுவது தலைவலி என்பவர்கள் குளோன்சில்லா போன்ற இலவசக் கருவியால் நகலெடுக்கலாம்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள்: கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்டும் 05, சி5 என்ற இரண்டு வரிகளிலும் பூஜ்ஜியம் இருந்தால் ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டுப் பிரதி எடுக்க வைத்துக்கொள்ளலாம். எண் ஏறிக்கொண்டே போனால் அதை நம்ப வேண்டாம்.

படி 8: பிரதி

எஸ்எஸ்டிக்கு மாறியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்த கோப்பைப் பல நேரம் மீட்டுவிடலாம், ஏனென்றால் மேலே வேறு எதையாவது எழுதும்வரை அது அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைச் சிறிது நேரத்தில் உண்மையிலேயே துடைத்துவிடும். அப்புறம் எந்த மென்பொருளாலும் பெரும்பாலும் பயனில்லை. எனவே மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. இது புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய முறை. நடைமுறையில் கணினியில் ஒன்று, வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவிலோ அண்ணன் வீட்டிலோ ஒன்று. எந்நேரமும் இணைத்தே வைத்திருக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் சேர்த்துத்தான் பூட்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

படி 9: இப்போது வாங்கலாம்

நினைவகத்தின் விலை தங்கம் மாதிரி ஏறி இறங்கும். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் டிரேமை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை ஏறியது. விலை உச்சத்தில் இருக்கும்போது பயன்படுத்திய ரேமை யோசிக்கலாம்; அதில் தேயும் பாகம் இல்லை, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிட்டுப் பிழை வராவிட்டால் நம்பலாம். ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் டிடிஆர்3 எல்லாம் இன்னும் இப்படித்தான் கிடைக்கிறது. பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க்கை மட்டும், எவ்வளவு மலிவானாலும், வாங்காதீர்கள். பயன்படுத்திய எஸ்எஸ்டி என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஆரோக்கியச் சதவீதத்தையும் மொத்தம் எழுதிய அளவையும் காட்டச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கினால் ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் எண். கடையைவிட்டு இறங்கும் முன் அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு உத்தரவாதம் எதுவரை என்று பாருங்கள்; வேறு நாட்டுக்கு அனுப்பிய சரக்கு என்றால் அங்கேயே தெரிந்துவிடும். மாட்டி மூடும் முன் ஸ்டிக்கரை போனில் ஒரு படம் எடுத்து, பில்லின் படத்தோடு சேர்த்து மெயிலில் போட்டு வையுங்கள். மூன்று வருடம் கழித்து உத்தரவாதம் கேட்டுப் போகும்போது தாள் பில்லில் மை மறைந்திருக்கும், சீரியல் எண்ணைப் படிக்கவோ செத்துப்போன கணினியின் பின்மூடியைத் திரும்பவும் கழற்ற வேண்டியிருக்கும்.